மலையிலிருந்து கடலுக்கு: குடும்பத்தோடு படகில் போகிறவர்களுக்கு

ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை விடாமல் பிடித்துவிட்டால் கிழக்குக் கடலுக்குப் போகலாம். பதுளை, பசறைப் பக்கம் மழை பிடித்தால் தெற்குக் கடலுக்குப் போகலாம். மலையகத்தில் இருக்கிறவர்கள் கடல் பயணத்துக்கு மாதம் பார்க்க இந்தக் கணக்கு போதும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் முட்டி, கினிகத்தேனையிலும் தலவாக்கலையிலும் தண்ணீரைக் கொட்டுகிறது. அந்த மாதங்களில் காலி, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ கரைகளில் அலை முரடாக இருக்கும். அதே காற்று மலையைத் தாண்டும்போது ஈரத்தை இழந்து, காய்ந்த காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பில் கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். நிலாவெளியும் பாசிக்குடாவும் படகுக்கு ஏற்றதாக இருப்பது அந்த மாதங்களில்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், ஹிக்கடுவையும் மிரிஸ்ஸவும் அடங்கியிருக்கும்.

ஆகவே ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை என்றால் கிழக்கு, டிசம்பர் விடுமுறை என்றால் தெற்கு. சித்திரைப் புத்தாண்டு நேரத்தில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் சரிதான், ஆனால் பிற்பகலில் இடி மின்னல் வரும். திறந்த கடலில் உயரமாக இருக்கும் ஒரே பொருள் நம் படகு என்பதால், ஏப்ரலில் மத்தியானத்துக்குள் கரையேறிவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளி அந்தப் பருவத்தில் வந்ததுதான். வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறது என்று வானொலியில் கேட்டால், வேனுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் போகட்டும், பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

மாதத்துக்கு அடுத்தது நேரம். தோட்டங்களிலிருந்து புறப்படும் பயணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. வேலை முடிந்த கையோடு இரவில் வேன் ஏறுவது, விடியும்போது திருகோணமலை, திருக்கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, சாப்பாடு, அதன் பிறகு நிலாவெளியில் படகு, அன்றிரவே திரும்புவது. இதில் படகுக்கு மிஞ்சுவது நாளின் மோசமான நேரம். கரையில் நிலம் சூடேற ஏற, முற்பகல் கடந்ததும் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் கலக்கத் தொடங்கும். இரவெல்லாம் வளைவுகளில் ஆடிவந்த பிள்ளைகளின் வயிறு அந்த ஆட்டத்தைத் தாங்காது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே, ஏறிடுவோம்’ என்ற பேச்சு. ஏறக்கூடாத கடலில் குடும்பங்களை ஏற்றுவது அந்தப் பேச்சுதான். திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கவோ பாடசாலைக்கோ போயாக வேண்டும் என்ற அவசரத்தில் அது வருகிறது.

இதற்கு மருந்து ஒன்றுதான்: கரையில் இரண்டு காலைகள் கைவசம் இருக்க வேண்டும். முதல் நாள் பகலில் பயணம், மாலையில் கோயில். இரண்டாம் நாள் விடிகாலை படகு. கடல் சரியில்லை என்றால் அன்று கன்னியாவையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை மறுபடி கரைக்குப் போகலாம். இரண்டு இரவு தங்கும் செலவு கூடுதல்தான். திருகோணமலை நகரில் சமைத்துச் சாப்பிடும் வசதியோடு வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அரிசி, பருப்பு, மாவு எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோனால், மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். இரண்டாவது காலையை வாங்குவதற்கு அந்தப் பணம் போதும்.

ஹட்டனிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை சுமார் 250 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ஹபரணை தாண்டி கந்தளாய் வரையான காட்டுப் பாதையை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள், இருட்டினால் யானை வரும். பதுளை, பண்டாரவளை ஆட்களுக்குப் பாசிக்குடாதான் வசதி. லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி வடக்கே திரும்ப வேண்டும். பசறை வளைவுகளில் வாந்தி எடுக்காத பிள்ளை குறைவு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

முதன்முதலாகக் கடல் பார்க்கும் சிறு பிள்ளைகள் இருந்தால் பாசிக்குடாவையே சொல்வோம். விரிகுடா ஆழமில்லாமல் நெடுந்தூரம் நீள்கிறது, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். பவளப்பாறையும் மீனும் பார்க்க வேண்டும் என்றால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான், படகில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவானது. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு தனி, படகுக் கூலி தனி, தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் போடும் மாஸ்க்கின் வாடகை தனி. மூன்றையும் கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். திமிங்கிலம் பார்க்கும் பயணம் வேறு ரகம். ஆழ்கடலில் பல மணி நேரம் ஆட வேண்டியிருக்கும், திரும்ப நினைத்தாலும் கரை பக்கத்தில் இருக்காது. கடல் பழகாத குடும்பத்துக்கு, அதுவும் கைப்பிள்ளையோடு, அது வேண்டாம்.

கரைக்குப் போனதும் படகு பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தூரத்தில் வெள்ளை நுரை தலைகள் அங்கங்கே வெடித்துக்கொண்டிருந்தால் காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். மீன்பிடி வள்ளங்கள் கடலில் இருக்கின்றனவா, மணலில் இழுத்துப் போட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். படகோட்டியிடம் ‘அண்ணே, இன்னைக்குப் போகலாமா?’ என்று கேட்டால் ‘போகலாம்’ என்றுதான் பதில் வரும், கேட்கிறவரின் ஆசை அவருக்குத் தெரியாதா என்ன! ‘அண்ணே, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது? எத்தனை மணிக்கு ஏறும்? அதுக்குள்ள திரும்பிடுவோமா?’ என்று கேளுங்கள். கடலோடு பிறந்தவர் இதற்கு உண்மையான பதில் சொல்வார். உங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் அவரிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள். அதைப் பொறுத்து அவர் இடத்தையும் தூரத்தையும் மாற்றுவார்.

கச்சான் காற்றில் ஒரு பொறி இருக்கிறது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். ஆனால் காற்றடைத்த டியூப், மிதவை மெத்தை, பிளாஸ்டிக் பந்து எதுவானாலும் அது வெளியே தள்ளிக்கொண்டே போகும். டியூபில் உட்கார்ந்த பிள்ளை காலால் தண்ணீரை உதைத்துக் காற்றை எதிர்க்க முடியாது, விரட்டிப் பிடிக்க நீந்திப் போகும் பெரியவர் களைத்துப்போவார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கிழக்குக் கரையில் டியூபை வேனிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளை அழுதாலும் கொடுக்க வேண்டாம்.

படகில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, பிள்ளைகளின் அளவிலும் இருக்கிறதா. நங்கூரமும் நீளமான கயிறும் இருக்கின்றனவா. என்ஜின் நின்றுபோனால் தள்ள ஒரு துடுப்பாவது உண்டா. தண்ணீர் இறைக்க வாளி, மேலதிக எரிபொருள். என்ஜினிலிருந்து ஓட்டியின் கையிலோ இடுப்பிலோ மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று உண்டு. ஓட்டி தவறி விழுந்தால் அந்தக் கயிறு கழன்று என்ஜின் தானாக நிற்கும். அது என்ஜினிலேயே சும்மா தொங்கினால், ‘அண்ணே, அதைக் கையில மாட்டிக்குங்க, பிள்ளைங்க இருக்காங்க’ என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படகில் எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கடைசி நேரத்தில் ‘இன்னும் ரெண்டு பேர்தானே’ என்று வேறு ஆட்களை ஏற்றினால் இறங்கிவிடுங்கள். கூலியில் பாதியை முதலிலும் மீதியைத் திரும்பி வந்த பிறகும் கொடுப்பது என்று பேசிக்கொண்டால், தீவில் இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்த் தாமதமாகும் சிக்கல் குறையும்.

உயிர்காப்பு அங்கியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கி இருப்பது வேறு, அது உடம்பில் பிடித்திருப்பது வேறு. பெரியவரின் அங்கியை ஏழு வயதுப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அங்கி மட்டும் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே வழுகும். மாட்டியதும் எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, பக்கப் பட்டிகளை இழுத்து இறுக்குங்கள். பிறகு பிள்ளையைக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, அங்கியின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி நாடியைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரிது, வேறு கேளுங்கள். சின்னப் பிள்ளைகளின் அங்கியில் கால்களுக்கு நடுவே போகும் பட்டி ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மெல்லிய பருத்தித் துண்டை முன்பக்கப் பட்டியிலிருந்து கால் நடுவே கொண்டுவந்து பின்னால் கட்டலாம், ஒரே இழுப்பில் அவிழும்படி. அங்கிக்குள் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய குழி அப்படியே நின்றாலோ, காய்ந்திருக்கும்போதே கனத்தாலோ அது செத்த அங்கி. கரையில் மாட்டியதைத் திரும்பிக் கரையில்தான் கழற்ற வேண்டும். வெக்கையாக இருக்கிறது என்று நடுவழியில் கழற்றி உட்காரும் இடத்தில் போட்டுக்கொள்வது எங்கும் நடக்கிறது, அதை விடக்கூடாது.

சேலை, சுடிதார் சால், நீளப் பாவாடை மூன்றும் படகுக்கு ஆகாது. நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், சால் என்ஜின் பக்கம் பறக்கும். பெண்கள் முழங்கால் தாண்டிய லெகிங்ஸும் நீளக் கை டீ சேர்ட்டும் போட்டுக்கொண்டால் அடக்கமாகவும் இருக்கும், நீந்தவும் முடியும், வெயிலும் சுடாது. பாட்டி சேலையில்தான் வருவேன் என்றால் கரையில் நிழலில் இருந்து பொருட்களைப் பார்த்துக்கொள்ளட்டும். செருப்பு பின்பட்டி வைத்ததாக இருக்க வேண்டும். புறாத்தீவின் கரையில் உடைந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன, வெறுங்காலில் நடக்க முடியாது, ரப்பர் செருப்பு தண்ணீரில் கழன்று போய்விடும்.

ஏறும்போது முழங்காலளவுத் தண்ணீரில், படகின் பின்பகுதிக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் ஏறுங்கள். அலை படகை ஆட்டும்போது கரைக்கும் படகுக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. முதலில் ஒரு பெரியவர், பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக, கடைசியில் இன்னொரு பெரியவர். முன்பக்கம் உட்காரப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். வேகமாகப் போகும்போது படகின் முன்மூக்குத்தான் அலையில் தூக்கித் தூக்கி அடிக்கும், முதுகெலும்பு நொறுங்குமளவுக்கு அடி விழுவதுண்டு. கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், வயதானவர்கள் பின்பக்கமாக உட்கார வேண்டும். குமட்டல் உள்ளவர்களுக்கும் பின்பக்கம்தான் நல்லது, ஆட்டம் குறைவு. ஆனால் பெட்ரோல் புகை படாத பக்கமாக உட்காருங்கள், அந்த வாடையே வாந்தியைக் கொண்டுவரும்.

வாந்திக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. பார்மசியில் பிள்ளையின் வயதையும் எடையையும் சொல்லி வாங்கி, புறப்படுவதற்கு எவ்வளவு நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளுக்கு அரை மணி நேரம் போதும், சிலவற்றுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. பெரும்பாலானவை தூக்கம் வரவைக்கும், வேன் ஓட்டுகிறவர் போடக்கூடாது. வெறும் வயிற்றோடு படகில் ஏறுவது நல்லதல்ல. முதல் நாள் சுட்டுவைத்த தேங்காய் ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் சரியாக இருக்கும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். படகில் தலைசுற்றினால் ஃபோனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தையே பார்க்க வேண்டும்.

தண்ணீரில் இறங்குவது தனி வேலை. என்ஜின் முழுவதும் நின்று, நங்கூரம் பிடித்த பிறகுதான் யாரும் குதிக்க வேண்டும். திரும்பி ஏறும்போதும் என்ஜின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், விசிறி சுழல்வது தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தண்ணீர் ஆற்றுத்தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது, அதனால் உடம்பு சற்று எளிதாக மிதக்கும். அதை நம்பி அங்கியைக் கழற்றிவிடாதீர்கள். பழகிக்கொண்டு போக வேண்டும் என்றால் நீச்சல் தடாகத்தில் பழகுங்கள். காசல்ரி, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் பழகும் இடமல்ல. கரை திடீரென்று இறங்கும், அடியில் சேறு, தண்ணீரும் குளிர்.

மாஸ்க்கைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. தலைமயிர் ஓர் இழை உள்ளே மாட்டியிருந்தாலும் தண்ணீர் புகும், மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் புகத்தான் செய்யும். கண்ணாடிக்குள் எச்சில் தடவிக் கடல்நீரில் ஒருமுறை அலசினால் ஆவி படியாது. மாஸ்க்கோடு தரும் மூச்சுக் குழாயை வாயில் வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை மட்டும் நனைத்து, நிதானமாக மூச்சுவிட்டுப் பழக வேண்டும். தண்ணீர் குழாய்க்குள் வந்தால் உறிஞ்சாமல் ‘பூ’ என்று பலமாக ஊதி வெளியே தள்ள வேண்டும். இது பிடிபடாத பிள்ளையைப் பாறைப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள், இடுப்பளவுத் தண்ணீரிலேயே விளையாடட்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்குவோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீரில் மூழ்குகிறவர் கத்துவதில்லை, வாய் தண்ணீருக்கு மேலே நிற்காததால் சத்தமே வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தால் உடனே போய்ப் பிடிக்க வேண்டும்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிரோடு இருப்பது, ஒரு மிதியில் பல வருட வளர்ச்சி உடைந்துபோகும். காலும் கிழியும், அந்தக் காயம் எளிதில் ஆறாது, சீழ் பிடிக்கும். கரிய துடுப்புமுனை கொண்ட சின்னச் சுறாக்கள் புறாத்தீவில் உண்டு. துரத்தாமல், தொடாமல் இருந்தால் அவை விலகிப் போய்விடும். நீண்ட கறுப்பு முட்களோடு கிடக்கும் கடல் முள்ளெலியை மிதித்தால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி தணியும். ஆழமாகப் போன முள்ளை ஊசியால் நோண்டாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ஜெலிமீன் பட்டால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரால் கழுவக்கூடாது. கடல்நீரையே ஊற்றிக் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

மலைக்குளிரில் பழகிய உடம்புக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். கடலில் காற்றடிப்பதால் வியர்ப்பதும் தெரியாது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பொதி ஜீவனி உப்புத்தூள் கரைத்துப் போத்தலில் எடுத்துப்போங்கள், பிள்ளைகளுக்கு இடைக்கிடை வாய் நனையக் கொடுத்தால் பிற்பகல் தலைவலி வராது. தொப்பியின் நாடாவைக் கட்டிவிடுங்கள், பறந்தால் அதைப் பிடிக்கப் பிள்ளை எட்டிப் பாயும். குப்பையைத் தீவில் போடாமல் அதே பையில் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

திரும்பும்போது எல்லோருக்கும் உலர்ந்த மாற்றுடுப்பும் ஸ்வெட்டரும் வேனில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஈர உடுப்போடு றம்பொடை ஏறினால் பிள்ளை குளிரில் நடுங்கிப்போகும். தண்ணீர் குடித்து இருமிய பிள்ளை சில மணி நேரம் கழித்தும் இருமிக்கொண்டே இருந்தால், மூச்சு வேகமாகினால், சோர்ந்து தூங்கினால், வேனை மலைக்குத் திருப்பாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, இளவட்டங்கள் உள்ள குடும்பங்களுக்கு. நிலாவெளியில் ஒட்சிசன் சிலிண்டர் என்று எல்லோரும் சொல்லும் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டி ஆழத்துக்கு இறங்கும் ஸ்கூபா பழக்கிக் காட்டுகிறார்கள். திரும்பி மலையேறும்போது இதில் ஒரு பிரச்சினை உண்டு. குழாய் வைத்து மேலே மிதப்பவர்களுக்கு அது இல்லை, சிலிண்டரோடு ஆழத்துக்குப் போனவருக்கு உண்டு. அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கியிருக்கும், அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்கு ஏறினால் காற்றழுத்தம் குறைந்து, மூட்டுகளிலும் நரம்புகளிலும் குமிழிகளாகப் பிரியும். ஸ்கூபா முடிந்த கையோடு விமானம் ஏறக்கூடாது என்று சொல்லும் தடை 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதைக்கும் பொருந்தும். நுவரெலியா 1868 மீட்டர், ஹட்டன் 1200 மீட்டருக்கும் மேலே. ஒரே ஒரு தடவை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இறங்கியவர் 18 மணி நேரம் தாழ்நிலத்தில் இருக்க வேண்டும். கரையில் சொல்லிக்கொடுப்பவர் விமானப் பயணம் இருக்கிறதா என்று கேட்பார். நாம் வேனில் மலையேறப் போகிறோம் என்பது அவருக்குத் தோன்றாமல் போகலாம், நாமே சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்கூபாவை முதல் காலையிலேயே முடித்துக்கொண்டால், இரண்டாவது இரவு கழிந்து மலையேறும்போது அந்த நேரம் கடந்திருக்கும்.